பாலேல் ரோடும் தாத்தாவின் டேங்கும்

எங்கள் ஆயா சாகும்வரை "பாலேலு ரோடு" என்று ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். மழை பெய்து தெருவில் முழங்கால் சேறு நின்றால், "இதென்னா சேறு, உங்க தாத்தா பாலேலு ரோட்டுல பாத்த சேறுதான் சேறு" என்பாள். அது எங்கே இருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. நாங்களாகவே பாளையங்கோட்டைப் பக்கம் ஏதோ ஓர் ஊர் என்று நினைத்துக்கொண்டோம். ஆரணியில் ஒரு ரைஸ் மில்லில் பிட்டராக இருந்த மனிதர் பாளையங்கோட்டையில் எதற்குச் சேற்றில் நின்றார் என்று யாரும் யோசிக்கவில்லை, ஏனென்றால் தாத்தாவே எதையும் சொன்னவர் இல்லை. 1981-ல் இறந்தார். எனக்கு அப்போது ஆறு வயது.

அவர் பட்டாளத்தில் இருந்தார் என்பது மட்டும் தெரியும். அதில் ஒன்றும் அதிசயம் இல்லை, பழைய வடாற்காடு மாவட்டத்தில் பட்டாளத்துக்குப் போகாத வீடு குறைவு. வேலூர் பக்கத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்லுவார்கள். தலைமுறை தலைமுறையாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஆனால் தாத்தா துப்பாக்கி பிடித்த சிப்பாய் இல்லை. இரண்டாம் உலகப்போரில் பர்மா முனையில் பிரிட்டிஷ் டேங்க் ரெஜிமெண்டுகளோடு கூடவே போன ஒர்க்ஷாப் ஆள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழு வருஷம் ஆயிற்று. எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன், ஏனென்றால் முதல் மூன்று வருஷம் நான் தேடிய முறையே தப்பு.

ஆயா 2004-ல் இறந்த பிறகு அவளுடைய தகரப்பெட்டி அம்மாவிடம் வந்தது. பல வருஷம் அப்படியே கிடந்து, ஒரு பொங்கல் வெள்ளையடிப்பின்போதுதான் திறந்தோம். உள்ளே மூன்று சமாச்சாரம் இருந்தது. மடிப்பெல்லாம் கிழிந்துபோன டிஸ்சார்ஜ் சர்டிபிகேட். ஆறு முனை உள்ள ஒரு பித்தளை நிற நட்சத்திரம், அதன் ரிப்பன் நடுவில் அகலமாகச் சிவப்பு, இரண்டு பக்கமும் கருநீலம், நீலத்துக்குள் மெல்லிய ஆரஞ்சுக் கோடு. அப்புறம் ஒரு போட்டோ. போட்டோவில் ஒரு டேங்க், அதன் முன்னால் சட்டை போடாத நாலு வெள்ளைக்காரப் பையன்கள், ஓரத்தில் தொளதொளவென்று அரை டிராயர் போட்டுக்கொண்டு கையில் ஸ்பேனரோடு தாத்தா. சிரிக்கவில்லை. அவர் சிரித்து ஒரு போட்டோகூட எங்களிடம் இல்லை.

நான் முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான், பெயரைத் தேடினேன். இது வீண் வேலை. 1939-ல் இரண்டு லட்சம் பேர் அளவில் இருந்த இந்திய ராணுவம் 1945-ல் சுமார் 25 லட்சம் ஆகிவிட்டது. அத்தனை பேரையும் ஒரே இடத்தில் பட்டியல் போட்டு யாரும் வைக்கவில்லை. நம் ஆட்களுக்கு ஒற்றைப் பெயர், அதை எழுதிய கிளார்க்குக்குத் தமிழ் தெரியாது, அவர் காதில் விழுந்தபடி ஓர் எழுத்துக்கூட்டல். தாத்தாவின் பெயரை நான் எட்டு விதமாக எழுதித் தேடிப் பார்த்தேன். சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்கு மூன்று தடவை அலைந்தேன், மூன்றாவது தடவை "ஆள்தான் உயிரோட இல்லையே சார், இப்ப எதுக்கு?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி இன்னும் மனசில் இருக்கிறது. எதற்கு என்று எனக்கு அன்று சொல்லத் தெரியவில்லை.

சர்டிபிகேட்டில் இன்னொரு குழப்பம். சேர்ந்தது 1941, இந்தியன் ஆர்மி ஆர்டினன்ஸ் கோர், அதாவது ராணுவத்தின் ஆயுத, தளவாடப் படை என்று ஓரிடத்தில். வெளியே வந்தது ஐ.இ.எம்.இ. என்று இன்னோரிடத்தில். இரண்டு வேறு ஆட்களின் காகிதத்தைச் சேர்த்துவிட்டார்களோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். அப்படியில்லை. வண்டி, துப்பாக்கி, டேங்க் ரிப்பேரை எல்லாம் ஆர்டினன்ஸிலிருந்து பிரித்து 1943 மே 1-ஆம் தேதி இந்தியன் எலெக்ட்ரிகல் அண்ட் மெக்கானிகல் இன்ஜினியர்ஸ் என்று தனிப்படை ஆக்கினார்கள். இன்றைய இ.எம்.இ.-யின் மூலம் அதுதான், அதன் ஆவணக் காப்பகம் செகந்திராபாத்தில் இருக்கிறது. அதாவது தாத்தா இடம் மாறவே இல்லை, அவர் சட்டையில் இருந்த பேட்ஜ் மட்டும் மாறியிருக்கிறது. இந்த மாதிரி பெயர்மாற்றம் தெரியாமல் தேடினால் நம் ஆள் பாதியில் காணாமல் போனது போலவே தெரியும்.

சரி, பெயர் உதவவில்லை. வழி காட்டியது போட்டோவில் இருந்த டேங்க்தான்.

அந்த டேங்கை ஒரு தடவை பார்த்தால் மறக்காது. உடம்பு முழுக்க ரிவெட் தலைகள், பழைய ரயில் பாலம் மாதிரி. மேலே ஒரு சின்ன பீரங்கி, அது போதாதென்று வலதுபக்க விலாவில் இன்னொரு பெரிய பீரங்கி. பத்தடி உயரம். இது அமெரிக்காவில் செய்த எம்-3 லீ. ஏறக்குறைய 27 டன் எடை, விலாவில் 75 மில்லிமீட்டர், மேல் கூண்டில் 37 மில்லிமீட்டர். வட ஆப்பிரிக்காவில் இதைவிட நல்ல டேங்க் வந்தவுடன் இதை ஓரங்கட்டினார்கள், ஆனால் பர்மாவில் ஜப்பானியரிடம் இதைத் தடுக்கும் பெரிய பீரங்கிகள் அதிகம் இல்லாததால் இங்கே கடைசிவரை ஓடியது. எனக்கு இதில் முக்கியமான விஷயம் வேறு. பர்மாவில் எந்தப் படைப்பிரிவு எந்த டேங்க் வைத்திருந்தது என்பது நன்றாகத் தெரிந்த சங்கதி. 1942-ல் ரங்கூனுக்கு வந்து இறங்கிய 7-வது ஹஸ்ஸார்ஸும் 2-வது ராயல் டேங்க் ரெஜிமெண்டும் வைத்திருந்தது ஸ்டூவர்ட் என்ற சின்ன டேங்க். 1945 மார்ச்சில் மெய்க்டீலாவைப் பிடித்த 255-வது பிரிகேடிடம், அதாவது 116-வது ரெஜிமெண்ட், ப்ரோபின்ஸ் ஹார்ஸ், டெக்கான் ஹார்ஸ் ஆகியவற்றிடம் இருந்தது ஷெர்மன். ஆகவே லீ என்றால் இவர்கள் யாரும் இல்லை. பெரும்பாலும் இரண்டே இடம்தான் மிஞ்சும். ஒன்று பர்மாவின் மேற்கே அரக்கான் கடற்கரைப் பக்கம் 25-வது டிராகூன்ஸ். இன்னொன்று மணிப்பூர்.

நான் ஒரு வருஷத்துக்கு மேல் அரக்கான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதற்குக் காரணமும் உண்டு. 1944 பிப்ரவரியில் சின்ஸ்வேயா என்ற வயல்வெளியில் மூன்று வாரம் போலச் சுற்றி வளைக்கப்பட்டுக் கிடந்தார்களே, அட்மின் பாக்ஸ் சண்டை, அங்கே சண்டை போட்டவர்களில் பாதிப்பேர் சண்டைக்காரர்களே இல்லை. ஸ்டோர் கிளார்க், டிரைவர், கோவேறு கழுதை ஓட்டி, ஆஸ்பத்திரி ஆள், ஒர்க்ஷாப் ஆள், இவர்கள் கையில் எல்லாம் துப்பாக்கியைக் கொடுத்து வளையத்தில் நிற்க வைத்தார்கள். அவர்களுக்குப் பின்னால் 25-வது டிராகூன்ஸின் லீ டேங்குகள். இதைப் படித்தபோது தாத்தா இங்கேதான் இருந்திருப்பார் என்று மனசு சொல்லியது. மனசு சொல்வதை வைத்துத் தேடக்கூடாது என்று அப்போது தெரியவில்லை.

ஒரு நாள் ராத்திரி மணிப்பூர் வரைபடம் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இம்பாலிலிருந்து தென்கிழக்கே பர்மா எல்லையில் உள்ள தமு வரைக்கும் ஒரு ரோடு போகிறது. சமவெளி முடிந்து மலை ஏறத் தொடங்கும் இடத்தில் ஒரு பெயர். பலேல்.

நான் அம்மாவை எழுப்பினேன். மணி ஒன்றரை. "பாலேலு ரோடு" என்று மட்டும்தான் சொன்னேன். அம்மா படுக்கையில் எழுந்து உட்கார்ந்துகொண்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "எங்கம்மா சரியாத்தான் சொல்லிக்கினு இருந்திருக்கா" என்றாள்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நகர்ந்தது. மணிப்பூரில் இருந்தது 254-வது இந்தியன் டேங்க் பிரிகேட். பெயர்தான் இந்தியன், உள்ளே முக்கியமான ரெஜிமெண்ட் பிரிட்டிஷ் குதிரைப்படையிலிருந்து வந்த 3-வது கரபினியர்ஸ், லீ டேங்கோடு. கூடவே ஸ்டூவர்ட் டேங்க் வைத்திருந்த இந்திய ரெஜிமெண்ட் 7-வது லைட் கேவல்ரி, 150-வது ரெஜிமெண்டின் ஒரு பகுதி. இவர்களுடைய டேங்குகளைச் சரிசெய்ய பிரிகேட் ஒர்க்ஷாப், அதில் நம் ஊர்ப் பிட்டர்கள், வெல்டர்கள், எலக்ட்ரீஷியன்கள். பிரிட்டிஷ் ரெஜிமெண்ட், இந்திய ஒர்க்ஷாப், ஒரே பிரிகேட். தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இந்த பிரிகேடின் தளபதி பெயர் ஸ்கூன்ஸ், இதற்கு மேலே இம்பாலில் இருந்த பெரிய படையான 4-வது கோரின் தளபதி பெயரும் ஸ்கூன்ஸ். அண்ணன் தம்பி. காகிதத்தில் ஸ்கூன்ஸ் என்று வந்தால் எந்த ஸ்கூன்ஸ் என்று பார்த்துவிட்டு மேலே போங்கள், நான் இரண்டு மாதம் இதில் குழம்பினேன்.

"கரபினியர்ஸ்" என்று அம்மாவிடம் சொன்னதும் அவளுக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. தாத்தா மில்லில் யாராவது வேலையைச் சுத்தமாகச் செய்தால் "கரபினேர் தொரைங்க மாதிரி செஞ்சிருக்கான்" என்பாராம். அது ஏதோ வசவு என்று அம்மா இத்தனை நாள் நினைத்திருக்கிறாள்.

லண்டனில் இருக்கும் என் சித்தி மகளை இதில் இழுத்துவிட்டேன். அவளுக்கு நான் பட்ட கடன் பெரியது. கியூ என்ற இடத்தில் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. பர்மா முனையில் இருந்த ஒவ்வொரு ரெஜிமெண்டும் பிரிகேடும் ஒர்க்ஷாப்பும் மாதாமாதம் எழுதி அனுப்பிய போர் நாட்குறிப்புகள் அங்கே டபிள்யூ.ஓ. 172 என்ற வரிசையில் இருக்கின்றன. ஒரு வாசகர் அட்டை வாங்கிக்கொண்டால் போதும், பெட்டியைக் கொண்டுவந்து கொடுப்பார்கள், பென்சில் மட்டும் அனுமதி, நம் போனிலேயே படம் எடுத்துக்கொள்ளலாம், அதற்குக் காசில்லை. அவள் ஒரு சனிக்கிழமை போய் நானூறுக்கும் மேல் படம் எடுத்து அனுப்பினாள். மெல்லிய தாளில் டைப் அடித்தது, சில இடத்தில் பென்சில் எழுத்து, ஓரத்தில் சேறோ தேநீரோ ஏதோ கறை.

ராத்திரி ராத்திரியாக ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். அதிகாரிகள் பெயர் வருகிறது. இன்ன கேப்டன் லீவில் போனார், இன்ன லெப்டினன்ட் திரும்பி வந்தார் என்று. நம் ஆட்கள் வருவது மூன்றெழுத்தில். ஐ.ஓ.ஆர். இந்தியன் அதர் ரேங்க்ஸ், அதாவது அதிகாரி அல்லாத இந்தியர்கள். அதற்கு முன்னால் ஓர் எண். ஐ.ஓ.ஆர். இத்தனை பேர் வந்தார்கள், இத்தனை பேர் மலேரியாவில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், ஒரு ஐ.ஓ.ஆர்.-க்குக் காயம். பெயர் இல்லை. பிரிட்டிஷ் சாதாரண சிப்பாய்களுக்கும் பெரும்பாலும் இப்படித்தான், அவர்கள் பி.ஓ.ஆர்., ஆகவே இதில் நமக்கு மட்டும் நடந்த அநியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களுக்கு வேறு கதவுகள் திறந்திருக்கின்றன.

இதை நான் தெரிந்துகொண்டது வேல்ஸில் இருக்கும் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியையிடமிருந்து. கியூவில் சித்தி மகளுக்குப் பக்கத்து மேசையில் அவர் 3-வது கரபினியர்ஸ் நாட்குறிப்பைப் புரட்டிக்கொண்டிருந்திருக்கிறார், கேன்டீனில் பேச்சு ஆரம்பித்தது, அன்றிலிருந்து நாங்கள் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம். அவருடைய அப்பா கரபினியர்ஸில் டேங்க் டிரைவர். அவரும் வீட்டில் ஒன்றும் பேசியதில்லையாம். அப்பாவின் தனிப்பட்ட சேவைப் பதிவேடு கேட்டு வாங்கியிருக்கிறார். அவை முன்பு பாதுகாப்பு அமைச்சகத்தில் இருந்தன, 2022-லிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தேசியக் காப்பகத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். எந்தக் கப்பலில் வந்தார், எப்போது டைபாய்டு, எப்போது பதவி உயர்வு, எல்லாம் அதில் இருக்கிறது. ராணுவ எண் எந்த வரிசையில் வருகிறது என்பதை வைத்தே ஒருவர் முதலில் எந்தப் படையில் சேர்ந்தார் என்று அங்கே சொல்லிவிடுகிறார்கள். கரபினியர்ஸ் 1971-ல் ராயல் ஸ்காட்ஸ் கிரேஸோடு சேர்ந்து ராயல் ஸ்காட்ஸ் டிராகூன் கார்ட்ஸ் ஆகிவிட்டது, அதன் அருங்காட்சியகம் எடின்பரோ கோட்டைக்குள் இருக்கிறது, அங்கேயும் போய் வந்துவிட்டார்.

அவர்களுக்கும் சிக்கல் இல்லாமல் இல்லை. அவருடைய சித்தப்பா ஒருவர் பர்மாவில் டேங்கில் இருந்தார் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் போட்டோவில் அவர் தொப்பியில் இருப்பது காலாட்படை பேட்ஜ். இதுவும் தெரிந்தால்தான் புரியும். போர் நடுவில் டேங்க் ஆட்கள் போதாமல் காலாட்படை பட்டாலியன்களை அப்படியே டேங்க் ரெஜிமெண்டாக மாற்றினார்கள். யார்க் அண்ட் லங்காஸ்டரின் 10-வது பட்டாலியன்தான் 150-வது ரெஜிமெண்ட், கார்டன் ஹைலேண்டர்ஸின் 9-வது பட்டாலியன்தான் 116-வது. பழைய பேட்ஜை விட மனசில்லாமல் டேங்க் ஆட்களின் கறுப்புத் தொப்பியிலேயே அதைக் குத்திக்கொண்டார்கள். 25-வது டிராகூன்ஸோ 1941-ல் கரபினியர்ஸ் ஆட்களை வைத்தே புதிதாக எழுப்பியது. பேட்ஜ் ஒன்று, ஆள் இருந்த இடம் வேறொன்று.

நுன்ஷிகும் பற்றி எனக்கு முதலில் சொன்னவரும் அவர்தான்.

இம்பால் சமவெளியின் வடகிழக்கு ஓரத்தில் ஒரு மலை, 3,833 அடி. அதன் மேல் நின்றால் இம்பால் விமானத்தளமும் கோர் தலைமையகமும் உள்ளங்கையில் இருப்பது மாதிரி தெரியும். 1944 மார்ச் கடைசியில் ஜப்பானியர் கோஹிமா ரோட்டை வெட்டிவிட்டார்கள், அதற்குப் பிறகு ஜூன் 22 வரை இம்பாலுக்கு அரிசி, பெட்ரோல், குண்டு, டேங்க் உதிரிபாகம் எல்லாமே ஆகாயத்திலிருந்துதான். அந்த விமானத்தளம் போனால் எல்லாம் போயிற்று. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மலையை ஏப்ரலில் ஜப்பானியர் பிடித்துவிட்டார்கள். ஏப்ரல் 13 காலையில், நம் தமிழ் வருஷப் பிறப்புச் சமயம், முதல் பட்டாலியன் 17-வது டோக்ரா ரெஜிமெண்டின் வீரர்களும் கரபினியர்ஸின் ஒரு பிரிவான பி ஸ்குவாட்ரனும் மலை ஏறினார்கள். டேங்க் அந்தச் சரிவில் ஏறும் என்று ஜப்பானியர் எதிர்பார்க்கவில்லை. ஏறியது. முதல் கியரிலேயே உறுமிக்கொண்டு இரண்டு முகடு வழியாக ஏறியது. மேலே போனால் முகடு அவ்வளவு குறுகல், டேங்குகள் ஒன்றன் பின் ஒன்றாகத்தான் போக முடியும், கொஞ்சம் விலகினால் பள்ளம். லீ டேங்கின் உள்ளே இருந்து கீழே தரை தெரியாது. டிரைவருக்கு வழி சொல்ல வேண்டுமென்றால் கமாண்டர் கூண்டுக்கு மேல் தலையை வெளியே நீட்டித்தான் ஆக வேண்டும். ஜப்பானியரின் பதுங்குகுழிகள் பத்துப் பதினைந்து கெஜ தூரத்தில். நீட்டினார்கள். ஒவ்வொருவராகச் சுடப்பட்டார்கள். ஸ்குவாட்ரன் தளபதி மேஜர் சான்ஃபோர்ட் உட்பட டேங்க் அதிகாரிகள் எல்லோரும் செத்தார்கள் அல்லது காயப்பட்டார்கள். டோக்ராக்களோடு இருந்த பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கும் அதே கதி. அப்போது டேங்குகளுக்குப் பொறுப்பு எடுத்தது சார்ஜன்ட் மேஜர் கிராடக், டோக்ராக்களுக்கு சுபேதார் ரன்பீர் சிங். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு மலையை முடித்தார்கள்.

இன்றைக்கும் அந்த ரெஜிமெண்டில் நுன்ஷிகும் நாளன்று பி ஸ்குவாட்ரன் அணிவகுப்பில் அதிகாரிகள் யாரும் நிற்க மாட்டார்கள், சார்ஜன்ட் மேஜர்தான் நடத்துவார். எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. ஒரு நாளை ஞாபகம் வைத்துக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

வேல்ஸ் ஆசிரியையின் அப்பா அன்று மேலே போன டேங்க் ஒன்றில் இருந்தார். அவர் வீட்டுக்கு எழுதிய ஒரே நீளமான கடிதத்தில் சண்டையைப் பற்றி இரண்டு வரிதான். மற்றதெல்லாம் அந்த டேங்க் திரும்பி வந்தபிறகு அதை மறுபடி ஓட வைத்தவர்களைப் பற்றி. மதராஸிப் பிட்டர்கள் இரண்டு நாள் தூங்காமல் வேலை செய்தார்கள் என்று எழுதியிருக்கிறார். பெயர் எழுதவில்லை. அவருக்கும் எங்கள் பெயர்கள் வாயில் நுழைந்திருக்காது. ஆனால் எழுதியிருக்கிறார். அதைப் படித்த அன்று நான் ஆபீஸுக்கு லீவு போட்டேன்.

டேங்க் சண்டை என்றால் எல்லோரும் பீரங்கியைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆனால் முற்றுகைக்குள் இருந்த பிரிகேடுக்குப் புது டேங்க் வர வழியே இல்லை, இருப்பதைத்தான் ஓட்ட வேண்டும். சண்டைக்குத் தேவையில்லாத பல்லாயிரம் பேரை விமானத்தில் ஏற்றி வெளியே அனுப்பினார்கள், டேங்க் ரிப்பேர் தெரிந்தவனை அனுப்புவார்களா? செயின் அறுந்தால், ரேடியேட்டர் ஓட்டையானால், கியர்பாக்ஸ் போனால், சேற்றில் சாய்ந்தால், இன்னொரு டேங்கைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து, மழைக்குத் தார்ப்பாயைக் கட்டி, ஒரு டேங்கின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் பூட்டி. இதெல்லாம் பலேல் ரோட்டில் மே மாதத்து மழையில்.

அம்மா சொன்ன இன்னொன்றும் அப்போதுதான் இடத்தில் போய் உட்கார்ந்தது. மில்லில் ஆயில் என்ஜினைத் தாத்தா ஒருபோதும் எடுத்த எடுப்பில் ஸ்டார்ட் செய்ய மாட்டாராம். சக்கரத்தைக் கையால் மெதுவாக இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத்தான். அவசரப்பட்டால் "உள்ள எண்ணெய் நிக்கும்டா, உடைச்சிடும்" என்பாராம். ஆயில் என்ஜினுக்கு அது அவ்வளவாகத் தேவையில்லை. லீ டேங்குகள் பலவற்றில் இருந்தது விமானத்தில் வைக்கிற வட்ட என்ஜின், ஒன்பது சிலிண்டர் சக்கரத்து ஆரம் மாதிரி சுற்றி நிற்கும். கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் எண்ணெய் இறங்கிக் கீழ்ச் சிலிண்டர்களில் தேங்கிவிடும், அப்படியே ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். அதனால் பின்னால் ஒரு கைப்பிடியைப் போட்டு ஆள் சுற்றி எண்ணெயை வெளியேற்றிய பிறகுதான் ஸ்டார்ட். முப்பது வருஷம் கழித்து ஆரணியில் அரிசி அரைக்கும்போதும் அவர் கை அதை மறக்கவில்லை.

1942 கதை ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது தாத்தாவின் பிரிகேடில்தான் வந்து முடிகிறது. ரங்கூனிலிருந்து பின்வாங்கிய 7-வது ஹஸ்ஸார்ஸும் 2-வது ராயல் டேங்க் ரெஜிமெண்டும் வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு மே மாதம் சிண்ட்வின் நதிக்கரைக்கு வந்தார்கள். டேங்கை ஏற்றிச் செல்லும் படகு இல்லை. அத்தனை டேங்குகளையும் அங்கேயே தங்கள் கையாலேயே நாசம் செய்துவிட்டு நடந்தார்கள். ஒன்றே ஒன்று மட்டும் அக்கரை சேர்ந்தது, ஹஸ்ஸார்ஸின் ஸ்டூவர்ட், அதன் பெயர் கர்ஸ் ஆஃப் ஸ்காட்லாந்து. அந்த டேங்கின் கூண்டைக் கழற்றிவிட்டு 7-வது லைட் கேவல்ரிக்குக் கமாண்ட் வண்டியாகக் கொடுத்தார்கள். 1945-ல் அது மறுபடி பர்மாவுக்குள் போனது. தாத்தாவின் ஒர்க்ஷாப் அதே பிரிகேடில் இருந்ததால் அவர் கையும் அதில் பட்டிருக்கும் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். ஆதாரம் இல்லை, ஆசைதான்.

அதே 1942-ல் அதே தமு வழியாகத்தான் பர்மாவிலிருந்து தமிழர்களும் மற்ற இந்தியர்களும் லட்சக்கணக்கில் நடந்து வந்தார்கள், வழியில் செத்தவர்கள் எத்தனையோ. இதை எழுதாமல் அந்த ரோட்டைப் பற்றி எழுத முடியாது.

2019 டிசம்பரில் நானும் அம்மாவும் மணிப்பூர் போனோம். இம்பாலிலிருந்து ஜீப்பில் தெற்கே போகும்போது பலேல் என்று பெயர்ப்பலகை வந்ததும் அம்மா வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கி ரோட்டோரம் நின்றாள். டிசம்பர் என்பதால் சேறே இல்லை, தூசிதான். கொஞ்சம் மண்ணை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அங்கிருந்து மலை ஏறி மோரே போனோம். மோரேயில் தமிழர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன், அறுபதுகளில் பர்மாவிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களில் தமிழ்நாட்டில் ஒட்ட முடியாமல் திரும்பிப் போகப் பார்த்து எல்லையிலேயே தங்கிவிட்டவர்கள். அங்காளபரமேஸ்வரி கோயில் கட்டியிருக்கிறார்கள். கோயிலில் ஒரு பாட்டி அம்மாவிடம் எந்த ஊர், என்ன விஷயமாக வந்தீர்கள் என்று விசாரித்து, விஷயம் தெரிந்ததும் "அப்ப உங்கப்பா போட்ட ரோட்டுலதான் நாங்க வந்தோம்" என்றார். அவர் ரோடு போடவில்லை, டேங்க் ரிப்பேர் செய்தார் என்று நான் திருத்தப் போனேன், அம்மா கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். இந்த தமு பக்கத்தில்தான் 1944 மார்ச் 20-ஆம் தேதி கரபினியர்ஸ் டேங்குகளும் ஜப்பானிய டேங்குகளும் நேருக்கு நேர் மோதின. பர்மா முனையில் டேங்கும் டேங்கும் மோதியது ரொம்ப அபூர்வம்.

திரும்பும்போது இம்பாலில் இந்திய வீரர்களின் போர்க் கல்லறைக்குப் போனோம். இந்து, சீக்கிய வீரர்களை எரித்துவிட்டதால் அவர்களுக்குக் கல்லறை இல்லை, பெயர்ப் பலகை மட்டும். போரில் இறந்தவர்களைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகளில் இந்திய வீரர் பலருக்குத் தகப்பன் பெயர், ஊர், மாவட்டம் வரை இருக்கும். ஆள் பெயரைப் போடாதீர்கள், வடாற்காடு, திருச்சிராப்பள்ளி என்று அந்தக் கால மாவட்டப் பெயரை ஆங்கிலத்தில் பழைய எழுத்துக்கூட்டலில் போட்டுத் தேடுங்கள். யாங்கோன் பக்கத்தில் உள்ள தாவ்க்கியான் கல்லறையில் 6,300-க்கும் மேற்பட்ட கல்லறைகள், அங்கேயே ரங்கூன் நினைவுச்சின்னத்தில் உடல் கிடைக்காதவர்கள் சுமார் 27,000 பேர். அதில் நம் ஊர்ப் பெயர்கள் வரிசையாக வரும், எழுத்துக்கூட்டல் எப்படி இருந்தாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

பதக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். பெட்டியில் இருந்தது பர்மா ஸ்டார் என்று தெரிந்ததும் தாத்தா பர்மாவுக்குள் போனார் என்று முடிவே செய்துவிட்டேன். ஆனால் வங்காளத்திலும் அசாமிலும் குறிப்பிட்ட காலத்தில் பணியில் இருந்தவர்களுக்கும் அது உண்டு. ஆள் எங்கே இருந்தார் என்பதை அந்தந்த மாத நாட்குறிப்புதான் சொல்லும்.

1944 ஒர்க்ஷாப் நாட்குறிப்பை முழுக்கப் படித்துவிட்டேன். ஒரு பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன், மழைக்காலத்துப் பக்கம், பலேல் என்ற பெயரும் ஐ.ஓ.ஆர். என்ற மூன்றெழுத்தும் ஒரே பக்கத்தில் இருப்பது. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. "இதுல அப்பா எங்க?" என்றாள். ஐ.ஓ.ஆர். என்று இருக்கும் இடத்தைக் காட்டினேன். இதில் இருக்கிற இத்தனை பேரில் ஒருத்தர் என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த எண் மேல் விரலை வைத்தாள். "மத்தவங்கள்லாம் யாரு?" என்று கேட்டாள்.

1945 பெட்டி இன்னும் பார்க்கவில்லை. மாண்டலே வரை போனாரா, ரங்கூன் வரைக்குமா என்று அதில்தான் தெரியும். சித்தி மகள் அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை போகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். இந்தத் தடவை வேல்ஸ் ஆசிரியையும் கூடப் போகிறார், நாட்குறிப்பு ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளப் போகிறார்களாம்.